மாப்பிள்ளையிடம் கேட்காத பணம்

"எம்மக தாலிய அறுக்கப் பாக்கறியாடி? வூட்டு மாப்ளெ மேலயே புகார் குடுப்பியா? நீயெல்லாம் பொம்பளையா!"

காலை காபி கூட இறங்கவில்லை, அதற்குள் மாமியார் கமலம்மாளின் கூச்சல் மைசூர் என்.ஆர். மொகல்லாத் தெருவரை கேட்டது.

"புகார் கம்பெனி மேலதானுங்கத்தை. கிளைய நடத்துனவரு பேரும் அதுல வரும், நான் என்ன பண்ணட்டும்? பணம் போனவங்க புகார் குடுக்க இன்னைக்குத்தான் கடைசி நாளு. வுட்டா ஒரு ரூவா தேறாது!" என்றாள் மாதம்மா.

தேறாமல் போகவிருந்தது அவளுடைய காடு. கௌதள்ளியில் அப்பன் கொடுத்த மஞ்சள் காடு. விடுதிச் சமையலறையில் அண்டா தூக்கி இடுப்பு ஒடிந்தபோதும் அதை விற்கவில்லை. மஞ்சள் மண்டி வேலை போய்ப் புருஷன் ரத்தினசாமி குன்றிப்போனபோதுதான் விற்றுக் கொடுத்தாள்.

மஞ்சள் விலை அவனுக்கு அத்துப்படி. வரப்போகும் விலையைக் கணித்துப் பணம் போடும் ஃப்யூச்சர்ஸில் இறங்கினான். கணிப்பு தப்பவில்லை, லாபமும் வந்தது. ஆனால் பணம் மட்டும் வீடு வரவில்லை, கம்பெனிக் கணக்கிலேயே கிடந்தது. அந்தப் புரோக்கர் கம்பெனியின் மைசூர்க் கிளையை நடத்தியது அவன் தங்கை ஸ்வாதியின் புருஷன் மனோஜ்குமார்.

"மார்ஜினுக்கு, அதான் முன்பணத்துக்கு, வேணுங்கறத வுட்டுட்டு மிச்சத்த பேங்குக்கு மாத்தச் சொல்லுங்க" என்று மாதாமாதம் கெஞ்சினாள் மாதம்மா.

"மாப்ளெகிட்டப் போயி காசத் திருப்பிக் குடுன்னு கேக்கறதா? அவரு என்ன நெனைப்பாரு!" தாயும் மகனும் ஒரே குரலில் அவளை அடக்கினார்கள்.

கம்பெனி முதலாளி வாடிக்கையாளர் பணத்தை எடுத்துத் தன் சூதாட்டத்தில் தொலைத்தான். கிளைக்குப் பூட்டு விழுந்தது. பழி மட்டும் மாதம்மா தலையில் விழுந்தது.

"காசு காசுன்னு நீ கரிச்சுக் கொட்டுனதுலதான்டி அத்தனையும் போச்சு!" இப்போதும் கமலம்மாள் அதையே கத்தினாள்.

மாதம்மா புருஷன் பக்கம் திரும்பினாள். "கணக்கு உங்க பேருல இருக்குது. நீங்க கையெழுத்துப் போடோணும். வாயத் தொறங்க!"

"ஸ்வாதி வாழ்க்கையக் கொஞ்சம் யோசி..."

"என்ர வாழ்க்கைய யாரு யோசிச்சா? நான் என்ன, உங்க வூட்டு அண்டாவா... சூட்டுல வெக்கறதுக்கு மட்டும்?"

அப்போதுதான் ஸ்வாதி உள்ளே வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"வா கண்ணு... உங்கண்ணி பேசறதக் கேளு!"

"என் புருஷன் சாகட்டும், விடும்மா!" சீறினாள் ஸ்வாதி. "கம்பெனி சாயப்போவுதுன்னு அவருக்கு முன்னாடியே தெரியும். தன் பணத்த மொத்தமா எடுத்துட்டாரு. எங்க அண்ணனுக்கு ஏன் ஒரு போன் பண்ணலன்னு கேட்டேன்... என்ன சொன்னாரு தெரியுமா? 'உங்கண்ணன் கேக்கவே இல்லையே. கேட்டிருந்தா குடுத்திருப்பேனே'ன்னாரு!"

கமலம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கேட்கக் கூடாது என்று சொன்னவள் அவள்தானே!

ஸ்வாதி மாதம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி... புகார் குடுக்க நானும் வர்றேன். எனக்குத் தெரிஞ்சத அங்க சொல்றேன்."

"அய்யோ, உன்ர குடும்பம்..." என்றாள் கமலம்மாள்.

"அது என் பாடும்மா. அண்ணி சம்பாதிச்ச சோத்தத் தின்னுதானே நான் படிச்சேன்? அப்ப வேணாம்னு சொல்ல உனக்கு வாய் இருந்துச்சா?"

ரத்தினசாமி எழுந்து சட்டையை மாட்டினான். "போலாம். கையெழுத்துப் போடறேன். மாதம்மா, நான் உன்னைய..."

"வழியில ஒரு வார்த்த பேசாதீங்க. பேச வேண்டிய நாள்ல நீங்க பேசல."

"சாமி... என்னைய மன்னிச்சிரு" என்று எட்டிப் பிடித்த மாமியாரின் கையை அவள் உதறவில்லை. பிடித்துக்கொள்ளவும் இல்லை.

"பணம் வருதோ இல்லையோ, வந்தா அது என்ர பேருல பேங்குக்குப் போவும், அத்தை. அதுக்கப்புறம் மன்னிப்பப் பத்திப் பேசலாம்."

வாசலில் தேம்பி நின்ற நாத்தனாரை மட்டும் இழுத்து இறுக அணைத்தாள்.  கோபம் கொஞ்சமும் குறையாமல் படியிறங்கி நடந்தாள். புருஷனும் நாத்தனாரும் அவள் பின்னால் போனார்கள்.