பூஜ்யம் விழுந்த பெயர்கள்

முன்னொரு நாள், செத்துப்போன சர்வர் கம்ப்யூட்டர் ஒன்றின் நினைவைப் படித்தே, அன்று சாயந்திரத்துக்குள் யார் யார் காணாமல் போவார்கள் என்று நாலு பேரைச் சொன்னாராம் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் மஸ்தான் பாய். நாலும் பலித்து, அவர் வீட்டு வாசலில் நாற்பது போலீஸ் ஜீப் வரிசை கட்டி நின்றதாம். அடி அண்ணாமலை கடைத்தெருவே வாயைப் பிளந்தது. ஓவியா மட்டும் சிரித்தாள்.

"நாற்பது ஜீப்புக்கும் டீசல் யாரு போட்டது பாய்?"

பௌர்ணமியன்று மத்தியானம் ஒரு மணிக்கு, கிரிவலப் பாதையிலிருந்த அவளுடைய பை காப்பகத்தின் சர்வர் உறைந்துபோனது. பை வைக்கிற ஒவ்வொருவர் பெயரிலும் அதில் ஒரு கோப்பு உண்டு. காலையில் முதல் கோப்பை அவளே போட்டாள்: கணவன் ஆதவன், ஏழாம் தட்டு. "நாலு மணிக்கு வந்துடுறேன்" என்று கிரிவலம் போனவன்.

இப்போது நாலே கால். சிறிய அறையில் ஈரப் பைகளின் புழுக்கமும் வெளியே எரியும் கற்பூர வாடையும் கலந்து மூக்கில் ஏற, ஆயிரமாயிரம் வெறுங்கால்கள் தார் ரோட்டைத் தேய்க்கும் சத்தம் சுவர் வழியாக ஊறி வந்துகொண்டிருந்தது. மஸ்தான் பாய் உறைந்த நினைவைத் தனியே எடுத்து, பிழை தேடும் டீபக்கர் மென்பொருளில் திறந்திருந்தார்.

"கெர்னல், அதான் சர்வரோட மூளை, கடைசியா தேடின பேருங்க இது. பக்கத்துல கோப்போட முகவரி. பூஜ்யம்னா, தேடினேன், அப்படி ஒண்ணு கிடையாதுன்னு அர்த்தம்."

"இல்லாததையுமா ஞாபகம் வச்சுக்கும்?"

"திரும்பத் தேடுற வேலை மிச்சமாகுமில்ல? ஒருதரம் இல்லைன்னு எழுதிட்டா, அப்புறம் கேட்டாலும் இல்லைதாம்மா."

பலராமன், பூஜ்யம். பொன்னி, பூஜ்யம். அறிவுச்செல்வன், பூஜ்யம்.

வெளியே ஒலிபெருக்கி கரகரத்தது. கூட்டத்தில் தொலைந்தவர்களைக் கூப்பிடுகிறார்கள்.

"பலராமன், எங்கிருந்தாலும் உடனே வரவும்..."

அடுத்து பொன்னி.

"யாரைச் செட் பண்ணி வச்சிருக்கீங்க பாய்?"

"அல்லா மேல ஆணையா இல்லம்மா. இது ஒரு மணிக்கு உறைஞ்ச பட்டியல்."

ஒலிபெருக்கி இப்போது அறிவுச்செல்வனைக் கூப்பிட்டது.

நாலாவது வரியை அவர் உள்ளங்கையால் மறைத்தார். ஓவியா கையை விலக்கினாள்.

ஆதவன். பூஜ்யம்.

ஏழாம் தட்டுக்கு ஓடினாள். பை இல்லை. பை இருந்த இடமும் இல்லை. பக்கத்துப் பைகள் இரண்டும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. போனை எடுத்தாள். 'ஆ' வரிசையில் ஆட்டோக்காரர் நம்பர் மட்டும்.

மஸ்தான் பாய் பின்னாலேயே ஓடி வந்தார். "அம்மா, அந்த நாலு பேர் கதை புருடாம்மா. ஜீப்பும் வரல, ஒரு மண்ணும் வரல. மெஷின் அதெல்லாம் சொல்லாது."

கரகரப்பு.

"ஆதவன். எங்கிருந்தாலும் வரவும். உங்க மனைவி காத்திருக்கேன்."

ஓவியாவின் குரல்.

ஓவியாவின் உதடுகள் மூடியிருந்தன. ரோட்டில் கால்கள் தேய்ந்துகொண்டேயிருந்தன. அவள் குரல் திரும்பத் திரும்பக் கூப்பிட்டது.

"அந்த நாலு பேர் கதை புருடா இல்ல பாய்," என்றாள் கடைசியில். "நடந்துடுச்சு."