இரண்டாவது பொட்டு

ஒரத்தநாட்டில் பழைய அரிசி மில்லின் மாடிக்கு வெள்ளையடித்து, எட்டு கம்ப்யூட்டர் போட்டு, அதற்கு ஆபீஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். 2006-இல் அதுவே ஊருக்குப் பெரிய வெளிநாட்டு வேலை. ஆராய்ச்சிக்காரர்கள் எலியின் மூளையை மெல்லிசாகச் சீவி, மைக்ராஸ்கோப்பில் படம் எடுத்து அனுப்புவார்கள். இங்கே ஒவ்வொரு செல்லின் மேலும் ஒரு புள்ளி வைக்க வேண்டும். பொட்டு வைக்கிற வேலை என்று ஊரில் கிண்டல். நெற்றியில் பொட்டே வைக்காத தஹ்மீனாதான் அதில் கெட்டிக்காரி.

அன்று காலை படியேறும்போதே நெல் அவியும் வாசனையோடு இன்னொரு வாசனையும் வந்தது. எதுவோ கருகுவது போல; எங்கிருந்து என்று அவளால் சொல்ல முடியவில்லை.

ஒரே படத்துக்கு இரண்டு பேர், ஒருவர் வைப்பதை மற்றவர் பார்க்காமல் பொட்டு வைக்க வேண்டும். பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் இசைவாணி. அவள் வருவதும் போவதும் பின்படி வழியாக, அதனால் ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை. நூற்றுக்குத் தொண்ணூறு ஒத்துப்போனாலே நல்ல வேலை. மூன்று நாளாக நூற்றுக்கு நூறு ஒத்துப்போனது.

“இரட்டைப் பிள்ளைங்களுக்கே இப்படி ஒத்து வராதும்மா,” என்றார் சூப்பர்வைசர் முருகையன். யாரோ பார்த்துப் போடுவதாகவும், ஆள் தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பப்போவதாகவும் சொன்னார்.

தஹ்மீனாவுக்கு இந்த வேலை போனால், அக்கா வீட்டு மச்சான் உபைதுல்லா வாங்கி வைத்திருக்கும் விசாவில் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக வேண்டியதுதான். ஆறு வயது மகள் ஷமீராவை யாரிடம் விட்டுப் போவது?

சந்தேகம் இசைவாணி மேல்தான். இவள் மவுஸைச் சொடுக்கினால் அங்கேயும் சொடுக்கு. இவள் நிறுத்தினால் அங்கேயும் நின்றது.

கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று, செல்லே இல்லாத மூலையில் வேண்டுமென்றே ஒரு பொட்டு வைத்தாள்.

அங்கே சொடுக்கியது.

அது தன் சொடுக்குக்கு முன்னால் கேட்டதோ?

முருகையன் இரண்டு பேர் படத்தையும் திறந்தார். மூலைப் பொட்டு இரண்டிலும் இருந்தது. அது தான் பொய்யாக வைத்தது என்று தஹ்மீனா வெற்றியோடு சொன்னாள். அவர் இசைவாணிக்குப் போன் போட்டார். அப்பா அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணம், திங்கட்கிழமையிலிருந்து திருக்கடையூரில் இருக்கிறேன், வாட்ச்மேனிடம் சொல்லித்தானே வந்தேன் என்றாள் அவள்.

இருவரும் தடுப்பைச் சுற்றிப் போனார்கள்.

கீபோர்டின் மேல் உறை போட்டபடி கிடந்தது. உறையின் மேல் மூன்று நாள் தவிட்டுத் தூசி.

முருகையன் தன் மேஜைக்குத் திரும்பிப் பொட்டுகளின் நேரத்தைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. “அந்தப் பக்கத்து ரெண்டாவது பொட்டுதாம்மா முதல்ல விழுந்திருக்கு. எல்லாமே ஒரு செகண்டு முந்தி.”

அப்படியென்றால், பார்த்துப் போட்டது தஹ்மீனாதான்.

அவர் நாளைக்குப் பொட்டு வைக்க வேண்டிய படங்களைத் திறந்தார். தஹ்மீனாவின் பக்கம் காலி. அந்தப் பக்கம் பொட்டுகள் இருந்தன. முதல் பொட்டு, நாளைக் காலை ஒன்பது பத்து. கடைசிப் பொட்டு நாற்பத்தொன்றாம் படத்தின் பாதியில், பதினொன்று இருபதுக்கு.

அதற்குப் பிறகு, சாயங்காலம் வரைக்கும் ஒன்றுமில்லை.

“நாளைக்கு வராதேம்மா,” என்றார் முருகையன்.

“வரலேன்னா வேலை இருக்குமா சார்?”

அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். தஹ்மீனா அழுதேவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, குவைத்தே ஆனாலும் சரி, நாளைக்கு இந்தப் படி ஏறமாட்டேன் என்று மனசாரச் சொன்னாள்.

சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

நாளைய பொட்டுகளில் ஒன்றுகூட அழியவில்லை.