சூடாகாத விளக்குகள்

மாலையில் கடையிலிருந்து திரும்பியபோது, கூரையில் மறுபடியும் ஒரு விளக்கு செத்திருந்தது.

விளக்குக் கடைக்காரர் செருப்பைக் கூடக் கழற்றாமல் அண்ணாந்து பார்த்தார். பல்பு என்றால் போகத்தான் செய்யும். போகாவிட்டால் அவர் பிழைப்பு போய்விடும். ஆனால் இவை போகும் விதம்தான் அவருக்கு உறுத்தியது. முதலில் வாசலை ஒட்டிய ஸ்பாட் லைட் போனது. அதை மாற்றியதும் அதற்கு அடுத்தது. பிறகு அதற்கும் அடுத்தது. டோக்கன் வாங்கி வரிசையில் வந்ததுபோல, அவசரமே இல்லாமல், வீட்டின் உட்பக்கம் நோக்கி. இன்று செத்தது மகளின் அறைவாசலுக்கு நேர் மேலே.

"ஊருக்கெல்லாம் கேரண்டி எழுதிக் குடுக்கிறீங்க. நம்ம வீட்டுக்கு மட்டும் கழிச்சுப் போட்ட சரக்கா?" என்றாள் மனைவி, மகளின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிக்கொண்டே.

குட்டிக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். இருட்டென்றாலே அலறும் பிள்ளை. அவளுக்காகவே கட்டிலுக்கு நேர் மேலே ஒரு விளக்கை வைத்திருந்தார். வரிசைப்படி பார்த்தால், அடுத்த முறை அதனுடையது.

மறுநாள் காலை எலக்ட்ரீஷியன் வந்தான். வாய் ஓயாத ஆள். ஏணியில் ஏறி, விளக்கைக் கழற்றி, ஃபால்ஸ் சீலிங்கின் ஓட்டையில் செல்போன் வெளிச்சத்தை நுழைத்துப் பார்த்தான்.

"வயரிங்ல கோளாறு இல்ல முதலாளி. கரண்டும் ஒழுங்காத்தான் வருது. இந்த ஹாலஜன் பல்பு அடுப்பு மாதிரி. சூடு மேல போயாகணும். எதையாவது போட்டு மூடினா உள்ளுக்குள்ளயே வெந்து போயிடும். மேல மெத்தை கித்தை போட்டிருக்கீங்களா?"

"சீலிங்குக்குள்ள எவன்யா மெத்தை போடுவான்?"

"அதான் எனக்கும் புரியல. மேல எங்க பாத்தாலும் தூசி. போன பல்புங்களைச் சுத்தி மட்டும் துடைச்சு விட்ட மாதிரி இருக்கு. இவ்ளோ நீளத்துக்கு." ஏணியின் மேலேயே கைகள் இரண்டையும் விரித்துக் காட்டினான். கை போதவில்லை.

"பூனை ஏதாவது படுத்திருக்கும்."

"இந்த சைஸ் பூனைன்னா வாடகையே வாங்கலாம் முதலாளி." அவன் மட்டும் சிரித்தான். சிரித்தபடியே, வந்ததைவிட வேகமாக ஏணியிலிருந்து இறங்கினான்.

கடைக்காரர் வியாபாரிக்கே உரிய முடிவை எடுத்தார். எல்லாவற்றையும் எல்.இ.டி.யாக மாற்றச் சொன்னார். தொட்டால் சுடாத விளக்கு. யார் மேலே படுத்தாலும் கவலையில்லை. பூனையோ எதுவோ, இனி அவர் செலவில் குளிர்காய முடியாது. பழைய ஹாலஜன்களைப் பெட்டியில் கட்டிக் கடைக்கு அனுப்பிவிட்டு, பேரத்தில் ஜெயித்தவரைப்போல மீசையைத் தடவிக்கொண்டார்.

அன்று மாலை மழை பிடித்துக்கொண்டது. சன்னல் இடுக்குகளில் சில்லென்று காற்று புகுந்தது. சுவர்களில் ஈரச் சுண்ணாம்பின் வாசனை எழுந்தது. விளக்குகள் வரிசையாக, வெள்ளையாக, ஒன்றுகூடக் கண் சிமிட்டாமல் எரிந்தன. மனைவி சமையலறையில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவர் அதைக் கேட்டார்: ஈரச் சாக்கை இழுப்பது போன்ற ஓசை, வாசலுக்கு மேலே. அங்கே நின்றது. எதையோ தடவிப் பார்த்தது. நகர்ந்தது. அடுத்த விளக்கின் மேல் நின்றது. தடவியது. சூடு இல்லை. நகர்ந்தது.

"ஏங்க, மேல என்ன சத்தம்?" என்றாள் மனைவி உள்ளிருந்து.

"மழைதான்."

மழை இல்லை என்று அவருக்குத் தெரியும். அது தேடிக்கொண்டிருந்தது. இந்த வீட்டில் சூடாக மிச்சமிருப்பது என்ன என்று யோசித்தார்.

குட்டி. காய்ச்சலில் கொதிக்கும் குட்டி.

அறைக்குள் ஓடினார். கட்டிலுக்கு மேலிருந்த விளக்கு, பிடுங்கப்பட்ட கண்ணைப்போல வயரில் தொங்கி ஆடியது. வெளிச்சம் சுவருக்கும் கட்டிலுக்குமாகப் போய் வந்தது. விளக்கு இருந்த இடத்தில் கறுப்பு வட்டம். உள்ளங்கை அகலம்தான். அதன் வழியே எதுவும் வர முடியாது.

போர்வை மேடிட்டிருந்தது. குட்டியின் கால் முடிந்த இடத்தில் அது முடியவில்லை. கட்டில் விளிம்பைத் தாண்டியும் நீண்டது.

"அப்பா." உதடு மட்டும் அசைந்தது. "பழைய விளக்கையே மாட்டணுமாம். ரொம்பக் குளிருதாம்."

"மாட்டுறேன்டா தங்கம். நாளைக்கே மாட்டுறேன்."

"நாளைக்கு வேணாமாம்."

நெற்றியில் கை வைத்தார். காய்ச்சல் இல்லை. ஒன்றுமே இல்லை. மழையில் நனைந்த பாத்திரம்போலச் சில்லென்றிருந்தது. அவள் கழுத்தைச் சுற்றித் தூசி படிந்த ஏதோ ஒன்று இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொண்டது.

வாழ்க்கையில் முதன்முறையாக அவர் பேரம் பேசவில்லை. தன் உள்ளங்கையைப் போர்வையின் ஓரத்தில் நீட்டினார்.

"இந்தா. இது சூடா இருக்கு. அவள விடு."

விளக்கு ஆடியது. வெளிச்சம் போனது. வந்தது.

குட்டியின் கழுத்திலிருந்து சாம்பல்நிற விரல் ஒன்று மெல்லப் பிரிந்து அவர் உள்ளங்கையில் படுத்தது. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. சில்லிட்டுப் போன மணிக்கட்டை அவர் இழுத்துக்கொள்ளவில்லை.

விரல்கள் வந்துகொண்டே இருந்தன. ஐந்தோடு நிற்கவில்லை.