இரண்டாம் பதிப்புக்கு ஓர் ஒட்டு

பல மணி நேரமாக அக்காவின் மூச்சு ஒருமுறைகூடத் தடுமாறவில்லை.

பிற்பகல் மூன்று மணி வாக்கில்தான் அது தங்கைக்கு உறைத்தது. வெளியே மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடியில் நீர் வழியும் ஓசையும், சூடேறிய கணினியின் பிளாஸ்டிக் வாடையும், ஆறிப்போன காபியின் கசப்பு மணமும் கலந்து கிடந்த அந்தச் சின்ன அறையில், திரையின் மூலையில் அக்காவின் மூச்சு பச்சைக் கோடாக ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. நான்கு விநாடிக்கு ஒரு மேடு. ஒவ்வொரு மேட்டின் உச்சிக்கும் சற்று முன்னால் ஒரு சின்ன வெட்டு. பாழாய்ப்போன அந்த நுரையீரல் இத்தனை ஒழுங்காக வேலை செய்து அவள் பார்த்ததே இல்லை. முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நாற்பத்திரண்டு வயதாகி, காதோரம் நரைத்த பிறகும் அக்காவுக்கு அவள் பாப்பாதான். வீட்டுக்கு வரும் நர்ஸ் முன்னால் அப்படிக் கூப்பிடாதே என்று எத்தனையோ முறை சொல்லியாயிற்று. கேட்டால்தானே.

பக்கத்து அறைக் கட்டிலருகே, மூச்சைக் கவனித்துக் கோடாகக் காட்ட மட்டும் இருந்த மூச்சுப்பெட்டிக்குள் ஓடும் மென்பொருள் விலைக்கு விற்கப்படுவதல்ல. எங்கெங்கோ இருக்கும் ஆர்வலர்கள் சேர்ந்து எழுதியது. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். இப்போது ஐந்தாம் பதிப்பு வந்துவிட்டது. ஆனால் அக்காவுடையதைப் போன்ற பழைய பெட்டிகள் இரண்டாம் பதிப்புக்கு மேல் தாங்காது. புதியதில் செய்யப்படும் சின்னச் சின்னத் திருத்தங்களை எடுத்து, அளவு பார்த்துப் பழையதில் பொருத்துவது பாப்பாவின் பொறுப்பு. சம்பளம் கிடையாது. முந்நூற்றுச் சொச்சம் வீடுகள் அவளை நம்பியிருந்தன.

இன்று காலை பொருத்தியதும் அப்படி ஒன்றுதான். மார்பில் கட்டிய பட்டை கொஞ்சம் நழுவினாலும், மூச்சே நின்றுவிட்டதாக நினைத்துப் பெட்டி வீடே அதிரக் கத்தும். ஒரு வாரமாக இருவருக்கும் கண்ணில் பொட்டுத் தூக்கமில்லை. ஐந்தாம் பதிப்பைப் பார்த்துக்கொள்ளும் நண்பன், இணையத்தில் வைத்திருக்கும் படத்தின் மீசையால் எல்லோருக்கும் 'மீசை' ஆகிவிட்டவன், அதற்கு ஒரு வழி செய்திருந்தான். பட்டையிலிருந்து தகவல் வராத இடைவெளியை முந்தைய மூச்சைக் கொண்டு நிரப்பிவிடுவது. மொத்தம் பதினோரு வரி. பழையதில் வைத்ததும் எங்கும் இடிக்காமல் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. இடித்திருந்தால் ஏன் என்று தோண்டியிருப்பாள். இடிக்காததால் பட்டையை ஒரு விநாடி தூக்கிப் பார்த்தாள். பெட்டி வாயைத் திறக்கவில்லை. பத்து மணிக்கு எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள்.

"பழைய துணிக்கு ஒட்டுப் போட்டாச்சா?" என்று கேட்டாள் அக்கா.

"போட்டாச்சுக்கா. இன்னிக்கும் கத்துச்சுன்னா பெட்டியத் தூக்கி வெளிய போட்டுடறேன்."

"என்னையும் சேத்துப் போட்டுடாதடி."

சிரித்ததில் அக்காவுக்கு இருமல் வந்தது. அது அடங்கிய பின், "போ, போய் வேலையப் பாரு. ஏதாவதுன்னா கூப்பிடறேன்" என்றாள்.

பாப்பா கதவைச் சாத்திக்கொண்டு, மழைச் சத்தம் கேட்காமலிருக்கக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தாள். போர்வை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அசந்து தூங்குகிறாள், எழுப்ப வேண்டாம் என்று சத்தமில்லாமல் திரும்பிவிட்டாள்.

இப்போது அவள் பச்சைக் கோட்டைப் பின்னோக்கி நகர்த்தினாள். இரண்டு மணி. அதே மேடு, அதே வெட்டு. ஒரு மணி. அதே மேடு. பன்னிரண்டு. அதே. பதினொன்று முப்பத்து நான்கிற்கு முன்னால் மட்டும் மேடுகள் பழையபடி கோணலும் மாணலுமாக இருந்தன. பெரியது, சிறியது, இருமல் ஒன்று, நீண்ட இழுப்பு ஒன்று. பிறகு அந்த வெட்டு விழுந்த மேடு. பிறகு அதுவே. மூவாயிரத்துக்கும் மேல், அது மட்டுமே.

மீசைக்குப் போன் போட்டாள்.

"அந்தத் திருத்தம்... எவ்வளவு நேரம் பழைய மூச்ச வச்சு நிரப்பும்?"

"மூணு விநாடி. அதுக்கு மேல போனா கத்திடும். அந்த மூணு விநாடியக் கணக்குப் பாக்குறதுக்குத்தான் போன வருஷமே தனியா ஒண்ணு போட்டேனே."

"போன வருஷமா?"

"ஆமா. பழைய பதிப்புல அது இருக்குல்ல?" அவன் எதையோ தட்டித் தேடும் சத்தம் கேட்டது. "இருக்குதானே? அது இல்லாம இத மட்டும் வச்சா, மூச்சு நின்னாக்கூட—"

அவள் போனைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

நடையில் பகலிலேயே இருட்டிக் கிடந்தது. மருந்து நெடி. ஈரச் சுவரின் வாடை. கதவிடுக்கில் பெட்டியின் மெல்லிய டிக். நான்கு விநாடி. டிக். கைப்பிடி ஜில்லென்றிருந்தது. திறந்தாள்.

போர்வை ஏறியது. இறங்கியது.

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கோடு தப்பாக இருக்கட்டும், பெட்டி நாசமாய்ப் போகட்டும், அக்கா இருக்கிறாள். மூச்சு விடுகிறாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்க் கட்டிலில் உட்கார்ந்து அக்காவின் கையைப் பிடித்தாள்.

கை கல்லாகக் குளிர்ந்திருந்தது.

விரல்கள் மடங்கவில்லை. நகங்களில் நீலம். கண்கள் பாதி திறந்திருந்தன. அவற்றில் ஈரமே இல்லை. ஆனாலும் மார்பு ஏறியது. உச்சிக்குச் சற்று முன்னால் ஒரு கணம் தடைபட்டது. உதடுகள் ஒட்டிப் பிரிந்தன.

"பாப்—"

மார்பு இறங்கியது. டிக். மறுபடி ஏறியது.

"பாப்—"

அந்த வெட்டு என்னவென்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கடைசி மூச்சில் அக்கா அவளைக் கூப்பிட்டிருக்கிறாள். முழுசாகக் கூப்பிட மூச்சு போதவில்லை.

"அக்கா, வந்துட்டேன். வந்துட்டேன்க்கா."

"பாப்—"

பட்டையைப் பிடித்து இழுத்தாள். கையோடு வந்துவிட்டது. மார்பு ஏறியது.

மேசையில் அக்காவின் போன் சிணுங்கியது. இரண்டாம் பதிப்புக்காரர்களின் குழுவில் அக்காவும் இருந்தாள். செய்திகள் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழுந்தன.

'புதுசு போட்டாச்சு. பெட்டி கத்தவே இல்ல. ரொம்ப நன்றி.'

'இங்கயும் அப்படித்தான். அப்பா காலைலேந்து நிம்மதியா தூங்குறார்.'

'எங்க பாட்டியும். எழுப்ப மனசு வரல.'

அவளுக்கு எழுத விரல் வரவில்லை. எழுப்பிப் பாருங்கள் என்று எழுத வேண்டும். ஓடுங்கள் என்று எழுத வேண்டும். முதலில் இது நிற்கட்டும். இது நின்றால் போதும். சுவரோரம் மண்டியிட்டு, பெட்டியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். பின்பக்க மூடியைத் திறந்து பேட்டரியையும் உருவி எறிந்தாள்.

பச்சை விளக்கு அணைந்தது. டிக் நின்றது. மழை மட்டும்.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

போர்வை ஏறியது. உதடுகள் ஒட்டின.