கணினிக்குள் மூன்று பேர்

வெள்ளிக்கிழமை மாலை வீட்டில் இருந்தவர்கள்: அப்பா ரத்தினவேல், அம்மா பொற்கொடி, ஆறாம் வகுப்பு சுவாதி, ஒரு கணினி. அந்தக் கணினிக்குள் இன்னும் மூன்று கணினிகள். மொத்தம் ஏழு.

உள்ளே இருந்தவை மெய்நிகர் கணினிகள். கையால் தொட முடியாது, திரையில்தான் தெரியும். ஆனால் நிஜக் கணினி போலவே வேலை செய்யும். கங்கப்பன், ருக்மணி, தங்கதுரை என்று சுவாதி பெயர் வைத்திருந்தாள். தங்கதுரை எதற்கும் தாமதம்.

ஒரு தொழிற்சாலைக்காக அம்மா எழுதிய நிரலை மூன்றும் நாள் கணக்கில் சோதித்துக்கொண்டிருந்தன. அவர்கள் வீடு இருந்த மூக்கண்டப்பள்ளியில் கரண்ட் போனால் யூபிஎஸ் பத்து நிமிடம் தாங்கும். அதற்குள் மூன்றையும் முறையாக நிறுத்த வேண்டும். நிறுத்தினால் மறுபடி தொடங்கலாம். பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது கரண்ட் போனது, நிறுத்த ஆளில்லை. கங்கப்பன் கெட்டுப்போய், அம்மாவின் எட்டு நாள் வேலை வீணானது.

நாளை நாட்றாம்பாளையத்தில் சித்தி மகனுக்குக் காதுகுத்து. அம்மா வரவில்லை என்று சொல்லிவிட்டாள். அம்மா இல்லாமல் போக சுவாதிக்கு மனமில்லை.

புதன்கிழமையே அவள் ஒன்று கேட்டிருந்தாள். வகுப்பு காலி என்று ஒவ்வொரு லீடரும் வந்து சொன்ன பிறகுதான் பள்ளி வாட்ச்மேன் கேட்டைப் பூட்டுவார். கணினியும் அப்படிக் காத்திருக்காதா?

அம்மா இரண்டு நாள் உட்கார்ந்து அதை எழுதினாள். கரண்ட் போனதும் யூபிஎஸ் ஒரு வயர் வழியாகக் கணினிக்குச் சொல்லும். கணினி மூன்றையும் நிற்கச் சொல்லும். மூன்றும் நின்ற பிறகே தானும் நிற்கும். எழுதிவிட்டாளே தவிர, அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. சோதித்துப் பார்க்கவும் பயம். நீங்கள் இருவரும் கிளம்புங்கள் என்றாள்.

அப்பா பையை மாட்டினார். ஊருக்குக் கிளம்பினால் அவர் கை தானாக மெயின் சுவிட்சுக்குப் போகும். போனது. இறக்கிவிட்டார்.

ஃபேன் நின்றது. யூபிஎஸ் கத்தியது. அம்மா கீபோர்டுக்கு ஓடினாள்.

"தொடாதம்மா," என்றாள் சுவாதி. "லீடர் சொல்லாம வாட்ச்மேன் பூட்டமாட்டாரு."

கங்கப்பன் நின்றது. ருக்மணி நின்றது. தங்கதுரை நிற்கவில்லை. ஒரு நிமிடம். இரண்டு. அப்பா பையோடு அப்படியே நின்றார்.

பிறகு தங்கதுரையும் நின்றது. கடைசியாகக் கணினி அணைந்தது. யூபிஎஸ்ஸில் இன்னும் ஆறு நிமிடம் பாக்கி.

அப்பா சத்தமில்லாமல் மெயினை ஏற்றினார். அம்மா மூன்றையும் திறந்து பார்த்தாள். ஒரு கோப்பும் கெடவில்லை. சோதனை விட்ட இடத்திலிருந்து ஓடத் தொடங்கியது.

"இனிமே மெயின் பக்கம் போய்ப் பாருங்க," என்றாள் அம்மா. கோபமாகத்தான் சொல்லப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது. "பஸ் எத்தனை மணிக்கு?"

பத்து நிமிடத்தில் புடவை மாற்றிக்கொண்டாள்.

அப்பா மெயினைப் பார்த்தார். இரண்டு கைகளையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டு வெளியேறினார். அம்மா கடைசியாக வந்தாள். அவள் வாசலைத் தாண்டியதும் சுவாதி கதவைச் சாத்திப் பூட்டினாள்.