ஜன்னல் திட்டில் மூடிகள்

மத்தியானம்தான் கணவனுடைய சைக்கிளுக்குக் கல் மாதிரி காற்றடித்து வைத்தாள். சாயங்காலம் பார்த்தால் இரண்டு டயரும் மெத்தென்று கிடந்தன.

பஞ்சராக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பாள். பஞ்சர் இரண்டு சக்கரத்திலும் ஒரே அளவாகவா இறங்கும்? கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். பாதி நகம் வரை உள்ளே போயிற்று. கடல் மணலில் ஓட்டுவதற்காக அவள் கணவன் காற்றை இறக்குகிற அளவு அது. அவள் இறுக்கி மூடிய வால்வு மூடிகள் இரண்டும் பட்டறை ஜன்னல் திட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கறுப்பு மூடிகள். அவனுக்கு அது ஒரு பழக்கம். கிளம்பும்போது மூடிகளைத் திட்டில் வைப்பான், திரும்பி வந்து காற்றடித்த பிறகு எடுத்து மாட்டுவான். திட்டில் மூடி இருந்தால் ஆள் கடற்கரையில் இருக்கிறான் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

கடற்கரை ஓரத்தில், வீட்டை ஒட்டியே, அவர்கள் வைத்திருந்தது சைக்கிள் வாடகைக் கடை. தடித்தடியான டயர் போட்ட சைக்கிள்கள், மணலில் புதையாதவை. மகள் அவற்றுக்கு 'குண்டு' என்று பெயர் வைத்தாள், வாடகைக்கு வருகிறவர்களும் அப்படியே கேட்க ஆரம்பித்தார்கள். போன மழைக்காலத்தில் ஒரு நாள் அவன் பாறை முனையைச் சுற்றப் போனான். அவனுடைய குண்டு பாறையில் சாய்ந்து கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை. அதற்கப்புறம் கடையை நடத்த அவளுக்குத் தெம்பில்லை. ஒவ்வொன்றாக விற்றுத் தீர்த்து, மிச்சம் அவனுடையதும் மகளுடைய குட்டிக் குண்டும்தான். அவனுடையதையும் எடுத்துக்கொள்ள நாளை ஓர் ஆள் வருகிறார். அதற்காகத்தான் அவள் காற்றடித்து வைத்ததே.

மகளைக் கேட்டாள். வீட்டுப்பாடத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல், தான் தொடவே இல்லை என்றாள். உண்மைதான். இறுக்கின மூடியைத் திருக அந்த விரல்களுக்குப் பலம் கிடையாது. அதற்கு எப்போதும் அப்பாதான் திறந்துகொடுக்க வேண்டும்.

மறுபடி காற்றடித்துவிட்டு அடுப்படிக்குப் போயிருக்க வேண்டும். மனசு கேட்கவில்லை. நாளைக்கு இதுவும் போய்விடும். அவன் உட்கார்ந்த இருக்கை, அவன் பிடித்துப் பிடித்து வழுவழுப்பான கைப்பிடி. ஒரே ஒரு சுற்று. இருட்டுவதற்குள் வந்துவிடலாம்.

"கதவை உள்ளே பூட்டிக்கோ. யார் கூப்பிட்டாலும் திறக்கக்கூடாது," என்றாள்.

"அப்பா வந்தா?"

எப்போதும் கேட்கிற கேள்விதான். இல்லை என்று சொல்ல இத்தனை மாதமாக அவளுக்கு வாய் வரவில்லை.

"அப்பா வந்தா மட்டும் திற."

கடற்கரையில் ஒரு ஈ காக்காய் இல்லை. ஈரமும் உப்பும் அழுகின பாசியுமாக அடித்த காற்றில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, டயர் மணலை நறநறவென்று மெல்லும் சத்தத்தையே கேட்டுக்கொண்டு, முதுகில் வெயில் மங்கிக்கொண்டு வருவதை உணர்ந்துகொண்டு அவள் மிதித்தாள். கண்ணீர் வந்தது. வரட்டும், யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

சட்டென்று மிதி லேசானது. குனிந்து பார்த்தாள். யாரோ முன்னால் போன தடத்துக்குள் அவள் சக்கரம் விழுந்திருந்தது. அதுதான் அவர்கள் வீட்டுப் பாடம். முன்னால் போகிறவர் மணலை அழுத்திக் கொடுப்பார், பின்னால் வருகிறவர் அதிலேயே வந்தால் கால் வலிக்காது. "தடத்தை விட்டு விலகாதே" என்று மகளுக்குச் சொல்லிச் சொல்லியே அவன் வாய் ஓய்ந்தது. மகளும் கயிறு பிடித்த மாதிரி அவன் பின்னாலேயே போகும்.

கொஞ்ச தூரம் போனபின்தான் அதைக் கவனித்தாள். டயரின் ரப்பர் மேடுகள் தடத்தில் அம்பு அம்பாகப் பதிந்திருந்த வரிசையில், அவ்வப்போது மூன்று அம்பு இல்லை. பல் விழுந்த வாய் மாதிரி காலியாக இருந்தது. கண்ணாடிச் சில்லு கிழித்து மேடு பெயர்ந்த டயர் அது. அவள் ஓட்டிக்கொண்டிருந்த டயர்.

இறங்கித் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னாலும் அதே காலி. முன்னாலும் அதே. இன்னும் ஓரம் உதிராத புதுத் தடம்.

திரும்பியிருக்கலாம். ஆனால் ஒரு தடவை, தூரத்திலிருந்தாவது, அந்த முதுகைப் பார்த்துவிட்டால் போதும் என்று இருந்தது. பயத்தைவிட அந்த ஆசை பெரிதாக இருந்தது. மிதித்தாள்.

பாறை முனையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. தடம் வளையவில்லை. நேராகக் கடலுக்குள் போயிற்று.

அலை பின்வாங்கிய இடைவெளியில் கேட்டது. டிக். டிக். டிக். மிதிக்காமல் சும்மா உருள விட்டால் பின்சக்கரம் போடும் சத்தம். அவள் பின்தங்கும்போதெல்லாம் அவன் அப்படித்தான் மிதிப்பதை நிறுத்திவிட்டு உருண்டபடி காத்திருப்பான். எதிரே தண்ணீர் மட்டும்தான் இருந்தது. சத்தம் அதிலிருந்து வந்தது.

கணுக்கால் நனைந்தது. முழங்கால் நனைந்தது. சைக்கிளைத் தள்ளியபடி தான் கடலுக்குள் நடந்துகொண்டிருப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சைக்கிளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க," என்றாள். குரல் உடைந்தது. "என்னால வரமுடியாதுங்க. பாப்பா வீட்ல தனியா இருக்கா."

சத்தம் நின்றது.

அலை வந்து போனது. மறுபடி வந்து போனது. எதுவும் கேட்கவில்லை. புரிந்துகொண்டான் என்று நினைத்தாள். உயிரோடிருந்தபோதும் அவன் அப்படித்தான், மகள் பேச்சை எடுத்தால் மறுபேச்சு கிடையாது. போய்விட்டான். இந்த முறை நிஜமாகவே போய்விட்டான். கரையேறி, மணலில் உட்கார்ந்து, வயிறு வலிக்க வலிக்க அழுதாள்.

எழுந்தபோது இருட்டியிருந்தது. சைக்கிள் விளக்கைப் போட்டுக்கொண்டு, தான் வந்த தடத்தின் மேலேயே திரும்பினாள். மனசு லேசாகத்தான் இருந்தது. போனதும் மகளைக் கட்டிக்கொள்ள வேண்டும். அப்பா இனி வரமாட்டார் என்று இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும்.

விளக்கு வெளிச்சத்தில் அம்புகள் வந்துகொண்டே இருந்தன.

அவள் பிரேக்கைப் பிடித்தாள்.

போகும்போது பதிந்த அம்புகள் பாறை முனையைக் காட்ட வேண்டும். இவை வீட்டைக் காட்டின. அவள் தடத்தின் மேலேயே, அவளுக்கு முன்னால், ஈரம் சொட்டச் சொட்ட. மூன்று அம்பு காலி. மறுபடி மூன்று காலி.

மிதித்தாள். மூச்சு முட்டியது. மிதித்தாள். கடை விளக்கு தெரிந்தது. பாப்பா என்று கத்தினாள். காற்று தின்றுவிட்டது.

கதவு திறந்திருந்தது. உள்ளிருந்து திறந்த கதவு. பூட்டில் சாவி. மேஜையில் பாதி எழுதின கணக்கு, மேலே பென்சில். தரையெல்லாம் உப்புத் தண்ணீர்.

பட்டறைக்கு ஓடினாள். சுவரோரம் குட்டிக் குண்டு நின்ற இடம் காலி.

ஜன்னல் திட்டில் இரண்டு கறுப்பு மூடிகள். பக்கத்தில், அதே ஒழுங்கில், மகளுடைய இரண்டு மஞ்சள் மூடிகள்.

வாசலுக்கு வந்து சைக்கிள் விளக்கைத் திருப்பினாள். கடைக்கு எதிரே மணலில் அகலமாக ஒரு தடம் நேரே கடலை நோக்கிப் போயிற்று. அதற்குள்ளேயே, இம்மியும் விலகாமல், சொல்லிக்கொடுத்தபடியே, ஒரு சின்னச் சக்கரத்தின் தடம்.