வலிக்காதவர்களின் பட்டியல்

கண்மாயில் வண்டல் சுமக்க வேண்டிய நாற்பது பேரின் பெயரைப் பங்குப்பொறி காலையில் வெளியிட்டது. இருளாயியின் பெயர் முதலில் இருந்தது. இது பதினோராவது கோடை. பதினோரு தடவையும் அப்படித்தான். சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அவள் நேரே பங்குக்கூடத்துக்கு நடந்தாள்.

ஒப்புரவுப்பட்டியில் தொள்ளாயிரம் பேர். ஒவ்வொருவர் மணிக்கட்டுத் தோலுக்கடியிலும் உளுந்து அளவில் ஒரு நோவுணரி உண்டு. பகலில் உடம்பு படுகிற வலியை அது அளந்து வைக்கும். சாயங்காலம் ஆறு மணிக்குக் கால் மணி நேரம் பகிர்வு. அப்போது எல்லோர் வலியும் ஒன்றாகக் கலந்து எல்லோருக்கும் வரும். ஒருவனுக்குப் பல் வலித்தால் ஊருக்கே வலிக்கும் என்பதால் அங்கே யாரும் பல்வலியோடு இரண்டாம் நாள் இருந்ததில்லை. அடிதடியும் ஒழிந்துபோனது. எந்த வேலை யாருக்குக் குறைவாக வலிக்குமோ அதை அவருக்குக் கொடுப்பதுதான் பொறியின் முறை.

எண்ணெய் எரிப்பதை ஊர் எப்போதோ விட்டுவிட்டது. சூரிய மின்சாரம் மருத்துவக்கூடத்துக்கும் தண்ணீர் இறைக்கவுமே சரியாக இருந்தது. ஆகவே வண்டலைத் தலையில் சுமந்துதான் மாடித் தோட்டங்களுக்கு ஏற்றவேண்டும். மழைக்குள் ஏற்றாவிட்டால் அந்த வருடம் விளைச்சல் இல்லை.

பங்குக்கூடத்தைப் பார்த்துக்கொள்பவன் ஜெயசீலன். நல்லவன், பிறர் வலிக்குக் கண் கலங்குகிறவன். இருளாயி மருத்துவக்கூடத்தில் எடுத்த படத்தை அவன் முன்னால் வைத்தாள். கழுத்தெலும்பு தேய்ந்திருந்தது. இன்னும் ஒரு கோடை சுமந்தால் வலது கை தூக்க வராது என்று சொல்லியிருந்தார்கள்.

“இது பொறிக்குத் தெரியாதுக்கா. அதுக்கு வலி மட்டுந்தான் தெரியும்,” என்றான். “நீங்க சுமந்தா நோவு ரெண்டு. நான் சுமந்தா அறுபது. அந்த அறுபது சாயங்காலம் உங்களுக்கும்தானே வரும்?”

“என் நோவு ரெண்டுன்னு யாரு சொன்னா?”

“உங்க உடம்புதான்.”

“உடம்பு மரத்துப்போச்சு தம்பி. மரக்கிறதுக்கு முன்னாடி பட்டது எந்தக் கணக்குல ஏறுச்சு?”

அவன் படத்தை இன்னொரு தடவை பார்த்தான். “உங்க பேரை மட்டும் எடுத்துர்றேன்,” என்றான்.

“எடுத்துட்டு யாரைப் போடுவீங்க?”

“வலி கொறஞ்ச அடுத்த ஆளை. முன்னாடி கல்லு சுமந்தவங்க யாராச்சும் இருப்பாங்க.”

“அப்ப வேணாம்,” என்று படத்தை எடுத்துக்கொண்டாள்.

கரையில் மற்ற முப்பத்தொன்பது பேரும் காத்திருந்தார்கள். அவளோடு பல வருடமாகச் சுமக்கிற சோணமுத்து வழக்கம்போல ஆரம்பித்தான். “நேத்து எவனுக்கோ முள்ளு குத்துச்சுன்னு மூணு தெரு அழுகுது மதினி. நம்மள மாதிரி இரும்பா இருக்கணும்.”

“இரும்பு இரும்புன்னு நாமளே சொன்னோம். அதான் நம்ம தலையிலயே வச்சாங்க,” என்றாள் இருளாயி. “நான் எறங்கல. ஊரே எறங்குனா நானும் எறங்குறேன்.”

ஒருவர் பின் ஒருவராக நாற்பது பேரும் கரையில் உட்கார்ந்தார்கள். அவர்களை அதட்ட யாருக்கும் மனம் வரவில்லை. வேளாவேளைக்குச் சோறு வந்தது, குடை வந்தது, ஆறுதல் வந்தது. “எல்லாம் வருது, மம்பட்டியோட ஒருத்தனும் வரக் காணோம்,” என்றான் சோணமுத்து.

ஒன்பதாம் நாள் கிழக்கே மேகம் கட்டியது. ஜெயசீலன்தான் முதலில் வந்தான். தலைச் சும்மாட்டை முண்டாசு மாதிரி கட்டியிருந்தான்.

“மாப்பிள்ளை அழைப்பா தம்பி?” என்று கேட்டு இருளாயி அதை அவிழ்த்து, வட்டமாகச் சுருட்டி அவன் தலையில் வைத்துவிட்டாள். அவன் பின்னால் தெருத்தெருவாக ஆட்கள் இறங்கினார்கள்.

அன்று சாயங்காலப் பகிர்வில் ஊரே சுருண்டு விழுந்தது. அறுபதும் எழுபதுமாக ஐந்நூறு பேரின் வலி. இருளாயி வாசல்படியைப் பிடித்துக்கொண்டாள். இந்த வலி அவளுக்குப் புதிதில்லை. பதின்மூன்று வயதில் முதல் நாள் செங்கல் சுமந்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாளே, அன்றைய வலி. அன்று நோவுணரி இல்லை, அதில் பங்குகொள்ள ஆளுமில்லை. எதிர்வீட்டுச் சோணமுத்து வாயில் துண்டை வைத்து அழுதுகொண்டிருந்தான்.

“நிறுத்திரலாமாக்கா?” என்று தெருவில் தவழ்ந்து வந்து கேட்டான் ஜெயசீலன்.

“நாளைக்கு விடியக்காலம் வாங்க. வெயிலுக்கு முன்னாடி முடிச்சிரலாம்.”

மழைக்கு இரண்டு நாள் முன்னால் வண்டல் மாடி ஏறியது. அதற்குப் பிறகு எந்தச் சுமையும் நாற்பது பேருக்கென்று ஒதுங்கவில்லை. கல், எரு, தானிய மூட்டை எல்லாவற்றையும் ஊரே முறை வைத்துச் சுமந்தது. உள்ளங்கைகள் காய்த்தன, கழுத்துகள் இறுகின. சாயங்காலப் பகிர்வு மாதாமாதம் லேசாகிக்கொண்டே வந்தது. ஆறு மணிக்குப் பாட்டுப் பாடினார்கள். இருளாயியின் கை இன்னும் தூக்க வந்தது.

அடுத்த கோடையின் சீட்டை ஜெயசீலனே கண்மாய்க்குக் கொண்டுவந்தான். கரையில் ஊர் வரிசையாக நின்றது. அவன் படித்தான்: “சுமை வேலை இப்போது யாருக்கும் வலிப்பதில்லை. ஆகவே கண்மாயை இரண்டடி கூடுதலாக ஆழப்படுத்தலாம். ஆளுக்கு நாளொன்றுக்கு நாற்பது சட்டிக்குப் பதில் எண்பது.”

யாரும் மறுக்கவில்லை. பொறி சொன்னதில் பொய் எதுவும் இல்லை. சிலர் மம்பட்டியைக் கையில் எடுத்தார்கள்.

இருளாயி ஜெயசீலன் நின்ற விதத்தைப் பார்த்தாள். உடம்பின் பாரத்தை இடது காலில் போட்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றான்.

“வலிக்குதா தம்பி?” என்றாள்.

நோவுணரி வந்த நாளிலிருந்து அந்த ஊரில் யாரும் யாரையும் அப்படிக் கேட்டதில்லை. கேட்கத் தேவை இருந்ததில்லை. அவன் மணிக்கட்டைப் பார்த்தான்.

“அதைப் பாக்காதீங்க. உங்களைக் கேக்குறேன்.”

அவன் யோசித்தான். “தெரியலக்கா,” என்றான். சொல்லும்போது குரல் பயந்திருந்தது.

“திரும்பி நில்லுங்க.”

கழுத்திலிருந்து எலும்பு எலும்பாகக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்தாள். நாலாவது எலும்பில் அவன் முழங்கால் மடங்கியது. தாங்கிப் பிடித்துக் கரையில் உட்காரவைத்தாள்.

பிறகு வரிசையைப் பார்த்து, “சட்டியைக் கீழ வைங்க,” என்றாள். “ஒவ்வொருத்தரா வந்து முதுகைக் காட்டுங்க.”